தோற்காதவர் பெயர்

இன்றைக்கு யாரோ ஜெயித்திருக்கிறார்கள்.

சைக்கிளைச் சுவரில் சாய்த்த சத்தத்திலேயே சிவகாமசுந்தரிக்குத் தெரிந்துவிட்டது. யாராவது தோற்ற நாளில் அவர் சைக்கிளைச் சாய்ப்பதில்லை. கையை எடுத்துவிடுவார், அது சறுக்கிப் போய்த் தகரத்தில் மோதும். இன்று மெதுவாக நிறுத்தி, பூட்டி, மணியைக்கூட ஒரு முறை அடித்தார். எந்த ஊரில், என்ன விளையாட்டில், யார் ஜெயித்தார்கள் என்று கேட்கும் ஆவல் அவளுக்கு எப்போதோ வற்றிவிட்டது. ஜெயித்தவன் எவனோ, அவனும் ஒருநாள் தோற்பான். அன்று இந்த வீட்டில் யாருக்கு அடி விழும் என்பதுதான் அவள் யோசனை. கையால் விழும் அடி இல்லை. கையால் என்றால் சமாளித்துவிடலாம்.

மடியில் குழந்தை பால் குடித்தபடியே தூங்கிப்போயிருந்தது. பொங்கல் முடிந்த வாரம் அது. முப்பதாம் நாள் தொட்டில் போட்டுப் பெயர் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியிருந்தது. பெயர்தான் முடிவாகவில்லை.

"சிவகாமி, பேரு கிடைச்சிடுச்சு!"

ராஜரத்தினம் உள்ளே வந்தார். தண்ணீர் இலாகாவில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. வெள்ளைச் சட்டையின் காலர் வேர்வையில் கழுத்தோடு ஒட்டியிருந்தது. முகம் மட்டும் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்த பையனுடையதைப் போல இருந்தது.

"வில்சன். வில்சன் ஜோன்ஸ். போன மாசம் கல்கத்தாவில பில்லியர்ட்ஸ்ல உலகச் சாம்பியன் ஆயிட்டான். நம்ம ஆளு, இந்தியன்! ஆபீஸ்ல நல்லையா இன்னிக்குத்தான் கப்பல்ல வந்த பத்திரிகையைக் காட்டினான். இவன் பொறந்த அதே மாசம். பாத்தியா பொருத்தத்தை?"

"வில்சன்னா வெள்ளைக்காரன் பேரு மாதிரியில்ல இருக்கு."

"பேருதான் அப்படி. ஆளு பூனாக்காரன்."

"பில்லியர்ட்ஸ்னா என்னங்க?"

அவருக்கு அது போதும். சமையல்கட்டிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழமும் ஒரு சின்ன வெங்காயமும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். அகப்பைக் காம்பைத் திருப்பிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு எலுமிச்சையைத் தட்டினார். அது வெங்காயத்தைத் தொடாமல் உருண்டு கீழே விழுந்தது. மகள் ரோசி ஓடிப்போய்ப் பொறுக்கி எடுத்து வந்து, "அப்பா, நான் ஒரு தடவ?" என்றாள்.

"தள்ளி நில்லு புள்ள, மேல படும்" என்றார் அவர், அவளைப் பார்க்காமலேயே. "இதுல எட்டு மணி நேரம், பத்து மணி நேரம்னு நின்னு ஆடணுமாம் சிவகாமி. கை நடுங்கக் கூடாது."

"நீங்க ஆடிப் பார்த்திருக்கீங்களா?"

"கிளப்புக்குள்ள நம்மள எங்க விட்டான்? தண்ணி மீட்டர் பார்க்கப் போறப்ப ஜன்னல் வழியா பாத்திருக்கேன். பச்சத் துணி விரிச்ச மேசை." அவர் சிரித்தார். "மெர்டேக்கா வந்து, வெள்ளைக்காரன் போயி ஒன்றரை வருஷமாச்சு. இப்பவும் மீட்டரு ஜன்னலுக்கு வெளியிலதான் இருக்கு."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. இந்த மனிதரிடம் இன்னும் அவளுக்குச் சிரிப்பு வருகிறது, அதுதான் அலுப்பாக இருந்தது. குடிக்க மாட்டார். சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து தருவார். அவளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருவார். புகார் சொல்ல ஏதுமில்லாத மனிதரைப் பற்றி யாரிடம் போய் என்னவென்று சொல்வது? எங்கோ ஒரு வெளிநாட்டுக்காரி தோற்றுப்போனதிலிருந்து என் வீட்டுக்காரர் என் மகளைப் பார்ப்பதில்லை என்றா? மலாக்காவில் இந்த காஜா பெராங் தெரு முழுவதும் சிரிக்கும்.

ஆனால் அதுதான் நடந்தது.

மூத்தவன் தாமஸ். நாற்பத்தொன்பதில், இங்கிலாந்தில் மலாயாக்காரர்கள் பூப்பந்தில் தாமஸ் கோப்பையை வென்ற செய்தி வந்த வாரத்தில் பிறந்தான். உலகத்தில் முதல் முறையாக அந்தக் கோப்பைக்குப் போட்டி வைத்தார்கள், முதல் முறையே நம் ஊர்ப் பையன்கள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று ராஜரத்தினம் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார். ஜெயித்தவர்கள் பலபேர், யார் பெயரை வைப்பது என்று குழம்பி, கடைசியில் கோப்பையின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் முதல் அர்ச்சனைக்குப் போனபோது குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு?" என்றார்.

"தாமஸ். ரோகிணி நட்சத்திரம்."

குருக்கள் பிள்ளையைப் பார்த்தார், அவள் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார், மேலே விநாயகரையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு வாய்க்குள் தாமோதரன் என்று சொல்லி அர்ச்சனையை முடித்தார். பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருடம் அவனை வேதபாட வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். இயேசுவின் பன்னிரண்டு சீடர்களையும் மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அப்போதெல்லாம் ராஜரத்தினம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "சீடனா இருந்தா என்ன, கோப்பையா இருந்தா என்ன, எம் மவன் எங்க போனாலும் முன் வரிசைதான்." சைக்கிளின் முன்கம்பியில் அவனை உட்காரவைத்துக் காய் வாங்கப் பசாருக்குப் போவார். ஐம்பத்திரண்டிலும் ஐம்பத்தைந்திலும் கோப்பை இங்கேயே இருந்தது. தாமஸும் முன்கம்பியிலேயே இருந்தான்.

ரோசி, ஐம்பத்தொன்றில். ரோசியானு என்ற ருமேனியாக்காரி அப்போது பிங்பாங்கில் பெண்களுக்கு உலகச் சாம்பியன். வருடா வருடம் அவளே ஜெயித்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடம். அவள் ஜெயித்துக்கொண்டிருந்த வரைக்கும் மகளை முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். "ரோசியானு, இங்க வாம்மா. ரோசியானு சாப்பிட்டாளா?" ஐம்பத்தாறில் தோக்கியோவில் ஒரு ஜப்பான்காரி பட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அன்று மாலை சைக்கிள் தகரத்தில் மோதியது. வேறொன்றும் நடக்கவில்லை. ஒரு கடுஞ்சொல் கிடையாது. பல மாதம் கழித்து, பிள்ளைக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் சிவகாமிக்கு உறைத்தது. இந்த வீட்டில் யாரும் இப்போது ரோசியானு என்று கூப்பிடுவதில்லை. 'ஏ புள்ள' என்கிறார். அதுவும் தண்ணீர் வேண்டுமென்றால்.

தற்செயல் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டாள். பெண் குழந்தை வளர்ந்தால் அப்பாக்கள் கொஞ்சம் விலகத்தான் செய்வார்கள் என்று அவளே தனக்குச் சமாதானமும் சொன்னாள்.

போன ஜூனில் சிங்கப்பூரில் கோப்பைப் போட்டி. ராஜரத்தினமும், அவரோடு ஒரே அலுவலகத்தில் இருக்கும் நல்லையாவும் லீவு போட்டுவிட்டுப் பார்க்கப் போனார்கள். தாமஸ் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். வானொலியில் அவனுக்கு முன்பே தெரிந்துவிட்டது, இந்தோனேசியாவிடம் தோற்றுவிட்டோம் என்று. ஆனாலும் அப்பா வந்து ஒவ்வொரு ஆட்டமாகச் சொல்வார் என்று காத்திருந்தான். அவர் படியேறினார். அவன் எழுந்து நின்று, "அப்பா" என்றான். நகர்ந்தால்தானே உள்ளே போக முடியும் என்பதுபோல் அவன் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான். அன்றைக்கு அவருக்கு அலுப்பு என்று நினைத்தாள். அடுத்த நாளும், அடுத்த மாதமும் அந்த அலுப்பு போகவில்லை. முன்கம்பியில் இப்போது கீரைக்கட்டுதான் தொங்கியது.

இரண்டாவது முறை நடந்த பிறகு தற்செயல் என்ற சொல்லை அவளால் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை. சில நாள் அவள் பின்னோக்கிப் போய்ப் பார்த்ததுண்டு. அவர்களுக்குக் கல்யாணமானபோது ஜோ லூயிஸ் குத்துச்சண்டையில் உலகச் சாம்பியன். கல்யாண போட்டோ எடுத்தவரிடம்கூட மாப்பிள்ளை அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார். பிறகு அந்த மனிதரும் தோற்றார். அந்த வருடம் தன்னிடம் என்ன மாறியது என்று யோசிக்க ஆரம்பித்து, உடனே நிறுத்திக்கொள்வாள். அடுப்பில் ஏதாவது இருக்கும்.

வெங்காயத்தை எடுத்து மறுபடி மேசை நடுவில் வைத்துக்கொண்டிருந்தார் ராஜரத்தினம்.

"அந்த ஆளு தோத்துட்டா?" என்று கேட்டாள்.

"யாரு?"

"வில்சன்."

"அடுத்த போட்டி எப்பன்னே தெரியல. இப்பத்தான் ஜெயிச்சிருக்கான், அதுக்குள்ள தோக்கடிக்கிறியே."

"தாமஸ்கிட்ட நீங்க பேசி எவ்வளவு நாளாச்சு?"

அவர் உண்மையாகவே யோசித்தார். நெற்றி சுருங்கியது. "நேத்துக்கூடப் பேசினேனே. பம்ப் எடுத்துட்டு வாடான்னு சொன்னேன். ஏன், என்னவாம் அவனுக்கு?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சோர வைத்தது. தான் செய்வது அவருக்குத் தெரிந்திருந்தால் சண்டை போடலாம், அழலாம், பட்டினி கிடக்கலாம். அவரோ மழையில் நனைந்த துணியைப் போல எங்கோ ஒரு தோல்வியில் நனைந்து வந்து, அந்த ஈரத்தோடு பிள்ளைகள் மேல் படுகிறார். துணியிடம் போய் என்ன கேட்பது?

"ஒண்ணுமில்ல" என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நாத்தனார் பூங்காவனம் செங் என்ற ஊரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். ஒரு கையில் வாழையிலைக் கட்டு, ஒரு கையில் கோழி. வந்ததும் வராததுமாகக் குழந்தையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"மூக்கு எங்க அப்பா மூக்கு. நெறம் மட்டும் உங்க வீட்டுது. போவட்டும், ஆம்பளப் பிள்ளதானே. பேரு என்னாவாம் இந்த தடவ? எந்த நாட்டுக்காரனாம்?"

"வில்சன், அண்ணி."

"ஐயோ சாமி! தாமஸு, ரோசி, வில்சன். உம் புருஷன் கோயில் கட்டப்போறானா, சர்ச்சு கட்டப்போறானா?" வாய்விட்டுச் சிரித்துவிட்டு, கோழியைப் பின்கட்டில் கட்டப் போனாள். திரும்பி வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்க? ஆசைப்படுறான், விடு. வேற என்ன கேக்குறான் உங்கிட்ட? குடியா, சூதா? எங்க வீட்டு ஆளுக்குப் பேரு வைக்கிறதுன்னா நாலு போத்தல் வேணும்."

"சரி அண்ணி."

பத்தியத்துக்கு நடுவே இத்தனை பேருக்குச் சமைக்க முடியாது என்று பூங்காவனமே அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சிவகாமி குழந்தைக்கு வெந்நீர் ஊற்றி, துவட்டி, பின்கட்டு வாசலில் வெயில் படும்படி உட்கார்ந்தாள். வெளியே சாக்கடை ஓரத்துச் சுவரில் தாமஸ் பந்து அடித்துக்கொண்டிருந்தான். இறகு பாதி போன பழைய பூப்பந்து. சுவரில் பட்டால் அது திரும்பி வருவதில்லை, கீழே விழும். அவன் குனிந்து எடுத்து மறுபடி அடிப்பான். ஜூனிலிருந்து இதேதான். கோப்பைக்கு அடுத்த போட்டி அறுபத்தொன்றில் என்று அவளிடம் ஒருநாள் சொல்லியிருந்தான், அவள் கேட்காமலேயே.

உடம்பு பிடித்துவிட வருகிற அன்னம், பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய் பேசுகிறவர்களாகிவிட்ட சிட்டிகளின் பக்கத்துக் கம்போங்கைச் சேர்ந்தவள், தட்டில் கூவேப் பலகாரம் கொண்டுவந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் வராது. பெயர் மட்டும்தான் தமிழ். பையன் குனிவதையும் நிமிர்வதையும் சற்று நேரம் பார்த்துவிட்டு, "காசியான்" என்றாள். பாவம் என்று. பிறகு பூங்காவனத்துக்கு உதவ அடுப்படிக்குப் போனாள்.

தாமஸ் பந்தை எடுத்துக்கொண்டு வந்து அம்மா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். தம்பியின் உள்ளங்காலை விரலால் தொட்டான். கால் சுருங்கி விரிந்தது.

"தம்பிக்கு வில்சனா பேரு?"

"அப்பா அப்படித்தான் சொல்றாரு."

"அந்த ஆளு நல்லா ஆடுவாராம்மா?"

"ஆடுவாராம்."

அவன் பந்தின் இறகுகளை ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டிருந்தான்.

"அம்மா, தோக்காத ஆளு பேரா பாத்து வைக்கச் சொல்லும்மா."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் அழுகை இல்லை. கோபமும் இல்லை. குடை இல்லாமல் பள்ளிக்கூடம் போய் நனைந்த பையன், தம்பிக்குக் குடை கொடுத்துவிடச் சொல்வதைப் போல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

"ஏண்டா?"

"சும்மாதான். குட்டியா இருக்கான்ல." எழுந்து டவுசரைத் தட்டிக்கொண்டான். "ரோசியும் அதான் சொன்னா."

இவ்வளவு காலமும் இது தனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று அவள் நினைத்திருந்தாள். பிள்ளைகளுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறோம், அப்பாவுக்கு வேலை, அப்பாவுக்குத் தலைவலி என்று சொல்லி மூடிவிட்டோம் என்றுதான் நம்பியிருந்தாள். எத்தனை பொய்கள். ஒவ்வொன்றையும் அவர்கள் வாங்கிக்கொண்டு, அம்மா வருத்தப்படுவாளே என்று நம்புவதுபோல் இருந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து இதைப் பேசியும் இருக்கிறார்கள். எப்போது? எந்த மூலையில்? ஏழு வயதுக்காரி என்ன சொற்களில் சொல்லியிருப்பாள்?

அவளுக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. உடம்பின் ஒவ்வொரு மூட்டிலும் யாரோ மணல் கொட்டியதுபோல் இருந்தது. குழந்தை பெற்ற அலுப்பு என்று கேட்டால் சொல்லலாம்.

*

கூடத்தின் உத்திரத்தில் அவளுடைய கல்யாணச் சேலையைத் தொட்டிலாகக் கட்டியிருந்தார்கள். பதினைந்து பேர் நிற்கவே இடம் போதவில்லை. நல்லையா நல்ல வேட்டி கட்டி வந்திருந்தார். இந்தியப் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டினார்.

"கம்பு பிடிச்சிருக்கிற பிடியைப் பாருங்கோ. இந்தப் பிள்ளையும் இப்படித்தான் பிடிக்கப்போகுது."

"முதல்ல பால் போத்தலப் பிடிக்கட்டும்" என்றாள் பூங்காவனம். எல்லோரும் சிரித்தார்கள். ராஜரத்தினம்தான் அதிகமாகச் சிரித்தார். இரண்டு நாளாகக் குழந்தையைக் கையைவிட்டு இறக்கவில்லை அவர். "வில்சா, வில்சா" என்று அதன் கன்னத்தில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த அன்பு பொய்யில்லை. தாமஸையும் இப்படித்தான் தேய்த்தார். ரோசியையும். அது எவ்வளவு நல்ல அன்பு என்று அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அது நின்றதும் தெரிந்தது.

அவர்கள் வீட்டு வழக்கப்படி பெற்றவள்தான் முதலில் பெயரைச் சொல்ல வேண்டும். காதில் மூன்று முறை. அதன் பிறகு அத்தை, அதன் பிறகு மற்றவர்கள். பெற்றவள் சொல்வதற்கு முன்னால் வேறு யாரும் சொன்னால் அது பெயரில் சேராது என்பார்கள். பூங்காவனம் குழந்தையின் உதட்டில் சீனித் தண்ணீர் தொட்டு வைத்து, அதைச் சிவகாமியின் மடியில் கிடத்தினாள்.

"வலது காதுல சொல்லு. சத்தமா வேணாம், அவனுக்குக் கேட்டா போதும்."

சிவகாமி குனிந்தாள்.

பூனை மயிர் படிந்த, இன்னும் முழுசாக விரியாத காது. மேல் ஓரம் உள்ளே மடங்கியிருந்தது. தாமஸ் என்று சொன்னபோதும் இப்படித்தான் குனிந்தாள், ரோசியானு என்று சொன்னபோதும். அந்தப் பெயர்கள் பத்திரிகையிலிருந்து வந்தன, அவர் வாயிலிருந்து வந்தன, ஆனால் பிள்ளைக்குள் போனது அவள் மூச்சின் வழியாகத்தான். முகம் தெரியாத ஒரு மனிதனின் கை எங்கோ ஒரு மேசையில் நடுங்கும் நாள் வரைக்கும் இந்தக் குழந்தைக்கு அப்பா இருப்பார். அந்த மனிதன் நல்லவனாக இருக்கலாம். அவனுக்கும் வீடு, பிள்ளை குட்டி இருக்கலாம். மலாக்காவில் ஒரு குழந்தையின் அப்பாவைத் தன் கையில் பிடித்திருக்கிறோம் என்று அவனுக்கு யார் சொல்வது?

எதிர்த்துப் பேச வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. துணிச்சல் வந்ததாகவும் தோன்றவில்லை. இன்னொரு முறை வாசற்படியில் ஒரு பிள்ளை காத்திருப்பதைப் பார்க்கத் தன்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்பது மட்டும் தெரிந்தது. கூட்டத்துக்குப் பின்னால் கதவோரம் தாமஸும் ரோசியும் நின்றுகொண்டிருந்தார்கள்.

நிமிர்ந்தாள்.

"சொல்லிட்டியா?" என்றாள் பூங்காவனம்.

"இல்ல."

"என்ன தங்கச்சி, பேர் மறந்துபோச்சோ?" நல்லையா பத்திரிகையை விரித்தார். "வில்சன். வில்சன் ஜோன்ஸ்."

"மறக்கல அண்ணே."

"அப்ப சொல்லேன் சிவகாமி" என்றார் ராஜரத்தினம். அவர் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. "எல்லாரும் பசியோட நிக்கிறாங்க. மூணு தடவ. ஒரு வார்த்தைதானே."

அவள் சேலைத் தலைப்பால் குழந்தையின் வாயோரத்துச் சீனித் தண்ணீரை ஒற்றி எடுத்தாள். பிறகு அதைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் அதன் காதை மூடினாள்.

"நான் சொல்லலைங்க" என்றாள்.